வழிநூல் செய்த இசைப்புலவர்

நூலை முதனூல் என்றும் வழிநூல் என்றும் பகுத்த தொல்காப்பியனார், வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகையாக வகுத்துக் காட்டினார். அவ்வகுப்பிலே இழிவு எதுவும் குறிக்கப்படவில்லை. கம்பர் செய்தது வழிநூலே. அதுபற்றி அவரைக் குறைவாக எண்ணுவார் நம்முள் இலர். ஆயினும், இசைத்துறைக்கு வரும்பொழுது நம்மிற் பலர் அளவுகோலை மாற்றிவிடுகின்றனர். ஒரு கருவியின் பொருட்டு இயற்றப்பெற்ற இசையை வேறு கருவிகளுக்கு இயைய அமைப்பவரை, அயலார் சமைத்ததைத் தம் இலையில் இட்டுக்கொள்பவராகக் கருதுவாருண்டு. மேனாடுகளிலே கிளாரினெற் வாசிப்போர் நால்வர் ஒருங்கமர்ந்து, வயலின் முதலிய நரம்புக் கருவிகளுக்கென எழுதப்பெற்ற நால்வர் இசையையும், இசைநாடகப் பாட்டுக்களையும், தெருவிலே இளைஞர் சீழ்க்கையடிக்கும் மெட்டுக்களையும் தம் கருவிகளுக்கேற்ப மாற்றி வாசிப்பது பெருவழக்கு. அதனை இரவல் இசை என்று கூறிய நண்பர் ஒருவருக்கு விடையாகவே இதனை எழுதத் தொடங்கினேன். விடைக்கு ஒருவருடைய வாழ்க்கையே போதுமென்று கண்டேன். அவர் மொசாட்.

வொல்வ்காங் அமடேயஸ் மொசாட் 1756ஆம் ஆண்டு சனவரி மாதம் 27ஆந் தேதி ஒஸ்திரிய நாட்டுச் சால்ஸ்பேர்க் நகரிலே பிறந்தார். தந்தை லியோபோல்ட், அந்நகரத்துப் பேராயரின் அரண்மனையில் வயலின் வாசித்தவர். வயலின் பயிற்சி குறித்து நூல் எழுதிய ஆசிரியர். பெற்ற மக்கள் எழுவரில் தமக்கை ஒருத்தியும் இவருமே எஞ்சினர். ஆறு வயதிலே அரசவைகளில் வாசித்த பிள்ளை என்பதனை யாவரும் அறிவர். அதனை நான் விரிக்கப் போவதில்லை. மேதையின் இளமையைக் கூறுவோர் பெரும்பாலும் வியப்பையே கூறுவர். அவர் எவ்வாறு பயின்றார் என்பதனைக் கூறார். மொசாட் பயின்ற முறையே நமக்கு வேண்டுவது.

1764ஆம் ஆண்டிலே தந்தையார் அப்பிள்ளையை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஆபல் என்னும் இசையாசிரியர் செய்த சிம்பனி ஒன்றைச் சிறுவர் தம் கையாற் படியெடுத்தார். ஆபலின் அச்சுப் பதிப்பில் ஓபோக் கருவிகளுக்குரியதாய் உள்ள பகுதி, சிறுவரின் ஏட்டிலே கிளாரினெற்றுக்குரியதாய்க் காணப்படுகிறது. மொசாட்டின் கையெழுத்தில் இருந்தமையால், நெடுங்காலம் அச்சிம்பனி அவருடைய மூன்றாம் சிம்பனியென்றே எண்ணப்பட்டு வந்தது. பின்னர், 1767இல் எழுந்த நான்கு பியானோக் கொன்சேர்ட்டோக்களின் வரலாறும் இதுவே. பதினொரு வயதுப் பிள்ளையின் படைப்பென்று உலகம் வியந்த அவை, பாரிசு நகரிலே வாழ்ந்த ஷோபேர்ட், ஹொனவர் முதலியோர் தனிக்கருவிக்குச் செய்த சொனாட்டாக்களை எடுத்து, பல்கருவிக் குழு துணைநிற்க விரித்து அமைத்தவை என இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். ஏடுகளிலே தந்தையார் கையெழுத்தும் கலந்திருக்கிறது. தந்தை மகனுக்கு இட்ட பாடம் அது. பிறருடைய மூன்று சொனாட்டாக்களை இன்னுமொரு முறை இவ்வாறே விரித்தார். அவற்றின் ஆசிரியர் இலண்டனில் வாழ்ந்த யோகான் கிறிஸ்டியான் பாக். இவ்வாறு தொல்காப்பியனார் கூறிய விரித்தல் என்பதிலே மொசாட்டின் கல்வி தொடங்கிற்று.

எம் கல்லூரியில் யாப்பிலக்கணம் கற்கும் மாணாக்கர்க்கு அகவற்பா ஒன்றைக் கொடுத்து, அதன் பொருள் கெடாமல் வெண்பாவாக்குமாறு நான் பணிப்பதுண்டு. தொடக்கத்திலே அவர்கள் சொற்களை அப்படியே பெயர்த்து வைத்து, தளை தட்டுகிறதே என்று வருந்துவர். அகவலிலே இனிது நடந்த சொல் வெண்பாவிலே நொண்டும். சில திங்கள் சென்றபின், பொருளைக் கையிற்கொண்டு சொல்லை வெண்பாவின் ஓசையிலேயே தேடவேண்டும் என்பது அவர்களுக்குப் புலனாகும். புலனாகாதவர் பாட்டெழுதுவதை விட்டுவிடுவர், அதுவும் நன்றே. ஒரு கருவியினின்று மற்றொரு கருவிக்கு இசையைக் கொண்டு செல்லுதலும் இத்தகையதே.

இனிக் கிளாரினெற்றைப் பற்றிச் சிறிது கூறுவேன். நம்மவருக்கு அது புதிய கருவியன்று. தமிழ்நாட்டிலே பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சதிர்க் குழுக்களில் முகவீணையின் இடத்தை அது பெற்றது, பிற்காலத்தில் ஏ. கே. சி. நடராஜன் அவர்கள் நாகசுரப் பாணியிலே அதனை வாசித்துப் புகழெய்தினார். தோற்றத்திலே நாகசுரத்துக்கு இனம் போலத் தோன்றினும், இயல்பிலே அது வேறு. நாகசுரமும் ஓபோவும் கீழ்நோக்கி விரிந்து செல்லும் துளையுடையன. கிளாரினெற்றின் துளை ஏறக்குறைய நெடுகிலும் ஒரே அகலமானது. ஒற்றை நாணற் சீவாளி பொருத்தப்பெற்றது. நாகசுரத்திலே சட்சத்துக்குரிய விரலமைப்பை மாற்றாது ஊதும் வலியை மிகுத்தால் மேற்ஸ்தாயிச் சட்சம் எழும். கிளாரினெற்றிலோ, பெருவிரலால் ஒரு சாவியைத் திறந்து ஊதும்போது, மேற்ஸ்தாயிச் சட்சத்தையும் தாண்டி மேற்ஸ்தாயிப் பஞ்சமம் எழுகின்றது. இதனால் அக்கருவிக்கு ஒன்றோடொன்று ஒவ்வாத இரண்டு குரல்கள் அமைந்தன. கீழ்க்குரல் இருண்டு ஆழ்ந்தது; மேற்குரல் தெளிந்து ஒளிர்வது. இரண்டுக்கும் இடையிலே சில சுரங்கள் மெலிந்தவை. கிளாரினெற்றுக்கு இசையமைப்பவர் எந்தச் சுரம் எந்தக் குரலில் விழுகின்றது என்பதனை அறியாராயின், பாட்டின் உயிர்நிலையான இடம் அந்த மெலிந்த சுரங்களிற் சென்று விழும். கேட்பவருக்கு வித்துவான் களைத்துவிட்டார் என்றே தோன்றும்.

மொசாட் இக்கருவியின் பெருமையை நன்குணர்ந்தது மன்ஹைம் நகரிலே. 1777இல் வேலை தேடித் தாயாரோடு புறப்பட்ட இளைஞர், அந்நகரத்துச் சிறந்த வாத்தியக் குழுவைக் கேட்டார். பாரிசுக்குச் சென்றவிடத்து 1778 சூலை மாதம் தாயார் இறந்தார். வேலையும் கிட்டவில்லை. திரும்பி வரும் வழியிலே தந்தையாருக்கு எழுதிய கடிதமொன்றில், நம் ஊரிலே கிளாரினெற் இல்லையே என்று ஏங்குகின்றார். தாயை இழந்து வெறுங்கையோடு ஊர் திரும்பும் இருபத்திரண்டு வயதினர் அதற்காக ஏங்கினார் என்பது எனக்கு அவருடைய உள்ளத்தை நன்றாகக் காட்டுகின்றது.

1781இல் பேராயரின் சேவையை உதறிவிட்டு மொசாட் வியன்னாவிலே தங்கினார். சம்பளம் தருவார் எவருமிலர். மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லியும், கச்சேரி செய்தும், அச்சிட்டு விற்றும் பிழைக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு அக்டோபரிலே இரண்டு கிளாரினெற், இரண்டு கொம்பு, இரண்டு பசூன் ஆகிய ஆறு துளைக்கருவிகளுக்கு ஒரு செரனேட் செய்தார். செரனேட் என்பது இரவிலே ஒருவர் வீட்டு வாயிலில் நின்று வாசிக்கும் இசை. புனித திரேசாள் திருநாளிரவிலே அது மூன்று இடங்களில் வாசிக்கப்பட்டது. ஓரிடத்தில் முடிந்தவுடன் வேறோரிடத்தார் அவ்வறுவரை அழைத்துப் பணங் கொடுத்து வாசிப்பித்தனர். சில நாட் கழிந்து மொசாட்டின் பெயர்த் திருநாள் வந்தது. இரவு பதினொரு மணி. அவர் உடை களைந்து உறங்கப் போகும் தறுவாய். அவ்வறுவரும் வாயிற்கதவைத் திறப்பித்து முற்றத்தின் நடுவில் வந்து நின்று, அவர் செய்த செரனேட்டையே அவருக்கு வாசித்தனர். வாசித்தவர் ஏழைகள், ஆயினும் நன்றாக வாசித்தனர் என்று அவர் தந்தையாருக்கு எழுதினார். பின்னர் அரசவையிலே எண்மர் குழு தோன்றவே, இரண்டு ஓபோக்களைச் சேர்த்து அதனைத் தாமே எண்மருக்குரியதாக மாற்றினார். ஆறு பேருக்கு நிறைவாயிருந்ததை எட்டுப் பேருக்கு ஆக்கும்போது, புதிதாய் வந்த இருவரும் சும்மா இருக்கவுங் கூடாது. முன்பிருந்தவர் வாய் அடைபடவுங் கூடாது. கிளாரினெற் பாடிய இடங்கள் சிலவற்றை ஓபோவுக்குக் கொடுத்து, கிளாரினெற்றை உள்ளே இழுத்து வேறு தொழில் தந்தார். மாணாக்கர் இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்பாராயின் ஓராண்டுப் பாடம் பெறுவர்.

அந்த எண்மர் குழுவை 1782இல் நிறுவியவர் பேரரசர் இரண்டாம் யோசேப்பு. ஓபோ, கிளாரினெற், கொம்பு, பசூன் ஆகியவற்றில் இவ்விரண்டு. விருந்துகளிலே வாசிப்பதற்கு அக்குழுவினர் விரும்பியது அந்நாளிற் புகழ்பெற்ற இசைநாடகங்களின் பாட்டுக்களை. பாடுவாரின்றி, நரம்புக் கருவிகளின்றி, ஒரு முழு இசைநாடகத்தை எட்டுத் துளைக்கருவிகளிலே தொகுத்துத் தருவது ஒரு தனித்தொழிலாயிற்று. குழுவிலே ஓபோ வாசித்த யோகான் வெண்ட் என்பவர் அத்தொழிலிலே கைதேர்ந்தவர். நாடகக் கொட்டகைக்குள் நுழையும் தகுதியும் பணமுமில்லாத எத்தனையோ பேர் அவ்விசையைத் தோட்டங்களிலும் தெருக்களிலும் இவ்வாறே கேட்டனர்.

அக்காலத்திலே நூலாசிரியருக்கோ இசையாசிரியருக்கோ இன்றுள்ளது போன்ற பதிப்புரிமை இருந்ததில்லை. நாடகத்தைச் செய்து கொடுத்தவருக்கு ஒரே முறை ஊதியம். அதன்பின் அதனை யார் எடுத்து எக்கருவிக்கு அமைத்து விற்றாலும் கேள்வியில்லை. 1782 சூலை 16ஆந் தேதி மொசாட்டின் இசைநாடகம் ஒன்று வியன்னாவில் அரங்கேறியது. துருக்கியர் அந்தப்புரத்தினின்று காதலியை மீட்கும் கதை. நான்கு நாட்கழித்துத் தந்தையாருக்கு எழுதிய கடிதத்திலே அவர் படும் அவசரம் தெரிகின்றது. அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நாடகம் முழுவதையும் துளைக்கருவிகளுக்கு அமைத்தாக வேண்டும். தவறினால் வேறொருவர் முந்திக்கொண்டு ஊதியத்தைக் கொண்டுபோய்விடுவார் என்கின்றார். அதே வேளையில், கருவி ஒவ்வொன்றின் இயல்புக்கும் பொருந்துமாறும், மூலத்தின் சுவை கெடாதவாறும் அவ்வாறு அமைப்பது எத்துணை அரிது என்பதையும் குறிக்கின்றார். அதே நாட்களிலே தந்தையார் ஊரவர் ஒருவருக்காகச் சிம்பனி வேண்டுமென்று நெருக்கினார். இரவைப் பகலாக்கி அதனையும் எழுதினார். ஆகத்து 4ஆந் தேதி கொன்ஸ்டான்ஸ் என்னும் நங்கையை மணந்தார். அந்தத் துளைக்கருவி அமைப்பிலே அவர் கையால் ஆனதென்று ஐயமின்றிக் கொள்ளத்தக்க ஏடு இன்று இல்லை. பிறர் செய்தவை உள. முந்திக்கொள்வார் என்று அஞ்சியது வீண்போகவில்லை போலும்.

எனினும், பணத்துக்காக மட்டும் அவர் இத்தொழிலைச் செய்தார் என்று கொள்ளற்க. வியன்னாவிலே வான் ஸ்வீட்டன் என்னும் பிரபுவின் வீட்டில் ஞாயிறுதோறும் நண்பகலிலே சிலர் கூடிப் பழைய இசையாசிரியராகிய பாக், ஹாண்டல் என்போரின் ஏடுகளைப் பயின்றனர். பெரிய பாக் 1750இலும், ஹாண்டல் 1759இலும் இறந்தவர்கள். பாக் விசைப்பலகைக் கருவிக்குச் செய்த பியூக்குகளில் ஐந்தை மொசாட் நரம்புக் கருவி நால்வருக்கு அமைத்தார். ஒரே கையில் பின்னிக் கிடந்த நான்கு குரல்களைப் பிரித்து நான்கு பேர் கையிற் கொடுத்தவுடன், ஒவ்வொரு குரலும் எங்கே தொடங்கி எங்கே அடங்குகின்றது என்பது கேட்பவருக்குப் புலப்படலாயிற்று. கிளாரினெற் நால்வர் இன்று அப்பியூக்குகளை விரும்பி எடுப்பதற்கும் காரணம் இதுவே. நான்கு கருவியும் ஒரே குடும்பம். விரல்முறையும் பெரும்பாலும் ஒன்றே. மூவர் வழக்கமான கிளாரினெற்றும், நான்காமவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே உருத்திருந்திய மந்தரக் கிளாரினெற்றும் வாசிப்பது பொதுவழக்கு. நிறம் ஒன்றாயிருத்தலால் குரல்கள் நன்றாய்க் கலக்கும்; ஆனால், கலந்து ஒன்றையொன்று விழுங்கிவிடவுங் கூடும். வயலின்காரன் வில்லை மாற்றிக்கொண்டே ஒரு சுரத்தை வேண்டிய மட்டும் நீட்டுவான். ஊதுபவனுக்கு மூச்சு வேண்டும். ஆதலின், ஒருவர் மூச்செடுக்கும் இடத்திலே மற்றவர் பாட்டைத் தாங்கும்படி அமைக்க வேண்டும். மூச்சுக்கு இடம் விடாமல் எழுதப்பட்ட அமைப்புக்கள் எத்தனையோ உள. அவை தாளிலே அழகாயிருக்கும்.

வான் ஸ்வீட்டனுக்காகவே 1789இல் ஹாண்டலின் மெசையா என்னும் பெருநூலை மொசாட் எடுத்தமைத்தார். ஹாண்டல் ஓர்கன் கருவியை நம்பி வெறிதாய் விட்ட இடங்களிலே புல்லாங்குழல், கிளாரினெற், பசூன் முதலியவற்றை நிறைத்தார். இருளிலே நடந்த மக்களைப் பாடும் பாட்டிலே, ஹாண்டல் பாடுவோனையும் நரம்புக் கருவிகளையும் ஏறக்குறைய ஒரே வழியிற் செல்லவிட்டார். அவ்வெறுமையே இருள். மொசாட் அவ்வழியின் மேலே துளைக்கருவிகளால் நிழல்மேல் நிழலாக இட்டார். பின்வந்தோர் சிலர் இதனைப் பழித்தனர். என்னைக் கேட்பின், ஹாண்டலின் வெறுமையையே பெரிதென்பேன். ஆயினும், மொசாட்டின் இருளில் கண் பழகப் பழகப் பொருள்கள் தோன்றுகின்றன என்பதை மறுக்கமாட்டேன்.

தம்முடைய நூலையும் அவர் மொழிபெயர்த்தார். எட்டுத் துளைக்கருவிகளுக்குச் செய்த இன்னொரு செரனேட், இரவு விருந்துக்குச் சிறிதும் பொருந்தாத துயரமுடையது, அவர் கையில் இருந்தது. அதனை வயலின் இரண்டு, வியோலா இரண்டு, செலோ ஒன்று என ஐந்து நரம்புக் கருவிகளுக்கு மாற்றி, வேறு இரண்டு ஐவர் இசையோடு சேர்த்து 1788இல் முன்பணம் தருவோருக்கு விற்பதாக அறிவித்தார். கொள்வார் மிகச் சிலர். தவணையை அடுத்த ஆண்டுவரை நீட்டியும் பயனில்லை. அக்கோடையிலேதான் வணிகரான நண்பர் புக்பேர்க்குக்குக் கடன் கேட்டு அவர் எழுதிய கடிதங்கள் தொடங்குகின்றன. அவற்றைப் படிக்க மனம் வருந்தும்.

பிறர் தம் இசையை எடுத்தாண்டபோது அவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதும் நோக்கத்தக்கது. பீகாரோவின் திருமணம் என்னும் இசைநாடகம் 1786 மே மாதம் வியன்னாவில் அரங்கேறியது. அங்கே சில திங்களில் மார்ட்டின் இ சோலர் என்பவரின் நாடகம் வந்து அதனைப் பின்தள்ளிற்று. பிராக் நகரிலோ பீகாரோவே பேச்சு. 1787 சனவரியிலே மொசாட் அந்நகருக்குச் சென்று ஒரு நடன விருந்திலே புகுந்தார். அவருடைய பாட்டுக்களையெல்லாம் நடன மெட்டாக மாற்றி வாசிக்க, மக்கள் துள்ளி ஆடிக்கொண்டிருந்தனர். ஊரெங்கும் அதுவே வாசிப்பு, அதுவே சீழ்க்கை. எவரோ அமைத்த மெட்டு. அவருக்கு ஒரு காசும் வரவில்லை. அவர் சினக்கவில்லை. மகிழ்ந்து நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

அவ்வாண்டு அக்டோபர் 29ஆந் தேதி அதே பிராக் நகரிலே அரங்கேறிய டொன் ஜொவானியில், அம்மகிழ்ச்சியை ஒரு காட்சியாகவே ஆக்கிவிட்டார். தீயோனாகிய தலைவன் இராவுணவு கொள்கின்றான். மேடையிலே துளைக்கருவிக் குழு ஒன்று விருந்துக்கு இசைக்கிறது. முதலிலே வாசிப்பது தம்மைப் பின்தள்ளிய மார்ட்டினின் மெட்டு. அடுத்தது சார்ட்டி என்பவரின் மெட்டு. மூன்றாவது பீகாரோவிலிருந்து தம்முடைய மெட்டு. இதனை அளவுக்கு மிஞ்சிக் கேட்டாயிற்று என்று ஏவலாள் சலித்துக்கொள்கின்றான். கொட்டகை சிரித்திருக்கும். சிறிது நேரத்திலே கல்லுருவம் வந்து தலைவனை நரகுக்கு இழுக்கப் போகின்றது. அக்கொடுமைக்கு முன்னே, தெருவிலே கேட்ட எளிய மெட்டுக்களை எளிய துளைக்கருவிகளில் ஒலிக்கவிட்டதிலேதான் நாடக அறிவு இருக்கிறது. இதனையும் இரவல் என்று நண்பர் சொல்வாராயின், நான் மேலே வாதிடேன்.

எண்மர் குழுவிலே கிளாரினெற் வாசித்த அன்டன் ஸ்டாட்லர் என்பவரை இதுகாறும் பெயர் சொல்லாது வந்தேன். 1753இல் பிறந்தவர், தம்பி யோகானும் அக்கருவியினரே. கீழ்க்குரலிலே எவருமறியாத மென்மையைக் காட்டியவர். மொசாட்டின் தோழர், கடன் வாங்குவதிலும் தோழர். பஸற் ஹோர்ன் என்னும் பெரிய கிளாரினெற் வகையையும் அவர் வாசித்தார். அவரும் அவரைச் சேர்ந்தோரும் வாசிக்கவென மொசாட் மூன்று பஸற் ஹோர்ன்களுக்குச் சிறு இசைகள் பல செய்தார். இரண்டு கிளாரினெற்றும் மூன்று பஸற் ஹோர்னும் சேர்ந்து வாசிக்க மெல்ல நடக்கும் இசை ஒன்றும் செய்தார். ஒரே குடும்பத்துக் கருவிகள் தமக்குள்ளே பேசும் இம்முறையே பிற்காலக் கிளாரினெற் நால்வருக்கு மூதாதை. 1786 ஆகத்திலே கிளாரினெற், வியோலா, பியானோ மூன்றுக்கும் செய்த மூவர் இசையிலே, மாணாக்கி ஒருத்தி பியானோவிலும், ஸ்டாட்லர் கிளாரினெற்றிலும், மொசாட் தாமே வியோலாவிலும் அமர்ந்தனர் என்பர். இரண்டாண்டு கழித்து அச்சிட்ட பதிப்பாளர், கிளாரினெற் வாசிப்போர் சிலரே என்பது கருதிப் போலும், முகப்பிலே வயலினைக் குறித்துக் கிளாரினெற்றை மாற்றாக வைத்தார்.

ஸ்டாட்லருக்காக எழுந்த ஐவர் இசை 1789 செப்டெம்பரில் முடிந்து, திசம்பர் 22ஆந் தேதி வியன்னாவில் வாசிக்கப்பெற்றது. கருவி செய்வோரான லொட்ஸ் என்பவரின் துணைகொண்டு, வழக்கமான கிளாரினெற்றினும் நான்கு அரைச்சுரம் கீழே இறங்கும் நீண்ட கருவி ஒன்று ஸ்டாட்லருக்கு வாய்த்திருந்தது. பிற்காலத்தார் அதனைப் பஸற் கிளாரினெற் என்பர். 1791 செப்டெம்பரிலே பிராக் நகரில் புதிய இசைநாடகம் அரங்கேறியபோது, பாடுவோரோடு எதிர்நின்று ஸ்டாட்லர் ஊதியதை மக்கள் ஆரவாரித்துக் கேட்டனர். அம்மாத முடிவிலே மந்திரப் புல்லாங்குழல் வியன்னாவில் அரங்கேறியது. அக்டோபர் முதல் வாரத்திலே ஸ்டாட்லருக்கான கொன்சேர்ட்டோவை மொசாட் முடித்துக்கொண்டிருந்தார். அதுவும் முற்றிலும் புதிதன்று. முன்பு பஸற் ஹோர்னுக்கெனத் தொடங்கி 199 அளவைகளோடு நின்றுபோன பகுதியை, சுருதி மாற்றி, நீண்ட கிளாரினெற்றுக்கு இயைய அமைத்து, மேலே தொடர்ந்தார். தம் வாழ்நாளின் இறுதிப் பெருங்கருவியிசையும் வழிநூலாகவே தொடங்கிற்று என்பதை நண்பர் குறித்துக்கொள்வாராக.

1791 திசம்பர் 5ஆந் தேதி அதிகாலையில் மொசாட் இறந்தார். வயது முப்பத்தைந்து. அவர் விட்டுச்சென்ற உடைமைப் பட்டியலிலே, வந்து சேராத கடனாக ஸ்டாட்லர் பெயரிலே 500 கில்டர் குறிக்கப்பட்டிருக்கிறது. பாதியில் நின்ற இரங்கற்பா இசையை, அதிலும் பஸற் ஹோர்ன் இரண்டு முன்னின்று ஒலிக்கின்றன, மாணாக்கர் சூஸ்மாயர் முடித்துக் கொடுத்தார். அதனை மறைவாய்ச் செய்வித்த பிரபு வால்செக், தம் கையாற் படியெடுத்துத் தம் பெயரிட்டு, 1793இல் தம் மனைவியின் நினைவுக்காக இசைப்பித்தார். இரவல் என்ற சொல்லை எங்கே பயன்படுத்த வேண்டுமோ அங்கே பயன்படுத்துக என்பேன்.

கொன்சேர்ட்டோவின் கையெழுத்து ஏடு ஸ்டாட்லரிடம் இருந்தது. 1800ஆம் ஆண்டிலே, கணவரின் ஏடுகளைப் பதிப்பாளருக்கு விற்றுக்கொண்டிருந்த கொன்ஸ்டான்ஸ் அம்மையார், தம் பெட்டி களவுபோயிற்று என்று ஸ்டாட்லர் சொல்வதாகவும், பெட்டி அடகு வைக்கப்பட்டதென்று பிறர் சொல்வதாகவும் எழுதியிருக்கின்றார். அடுத்த ஆண்டிலிருந்து கொன்சேர்ட்டோ அச்சில் வந்தது. ஆனால், அச்சில் வந்தது மொசாட் எழுதியபடி அன்று. நீண்ட கருவி ஸ்டாட்லர் ஒருவருக்கே இருந்தமையால், பெயர் தெரியாத ஒருவர் கீழ்ச்சுரங்களையெல்லாம் மேலே தூக்கி, வழக்கமான கிளாரினெற்றுக்கு இயைய மாற்றியிருந்தார். அவர் அதனைச் செய்திராவிடின், பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அதனை வாசிப்பார் இலராகியிருப்பர், மறைந்தும் போயிருக்கலாம். தம் வாழ்நாளெல்லாம் பிறர் நூலை எடுத்தமைத்தவரின் நூல், பிறனொருவன் எடுத்தமைத்ததனாலேயே உலகுக்கு எஞ்சியது.

1802இலே இலைப்சிக் நகரத்து இசையிதழ் ஒன்றில் அப்பதிப்புக்கு மதிப்புரை எழுதியவர், மூலம் இவ்வாறில்லை, கருவி இன்னும் கீழே இறங்கிற்று என்று கூறி, சில இடங்களைச் சுரக்குறிப்போடு எடுத்துக்காட்டினார். எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு சென்று, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, அம்மதிப்புரையையும், எஞ்சியிருந்த 199 அளவைகளையும், பாட்டு காரணமின்றி மேலே தாவும் இடங்களையும் ஒப்புநோக்கி ஆராய்ச்சியாளர் கீழ்ச்சுரங்களை மீட்டமைத்தனர். நீண்ட கிளாரினெற்றைக் கைவினைஞர் மறுபடி செய்தனர். இப்பொழுது இருவகையாகவும் வாசிக்கின்றனர். நடுப்பகுதி மெல்ல நடக்கும் இடத்திலே பெரிய வேறுபாடில்லை. முதற்பகுதியிலும் முடிவிலும், பழைய பதிப்பிலே ஏணியின் நடுப்படியில் நின்று திரும்பிய மெட்டு, மீட்டமைத்த பதிப்பிலே அடிப்படிவரை இறங்கி நிற்கின்றது.

ஸ்டாட்லர் 1812இல் வியன்னாவிலே இறந்தார். பெட்டி இன்றுவரை அகப்படவில்லை.